அடி வாங்கியவள் ஏன் வீட்டை விட்டுப் போக வேண்டும்?

கச்சான்காடு (விசுவமடு):
மல்லாவி மூத்தவர் ஐயா நேற்று இந்தக் கருத்துக்களத்தில் எழுதியதை வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. கணவனின் அடி தாங்க முடியாத ஒரு பெண்ணை ஊரவர்கள் சேர்ந்து அவளுடைய தாய் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்களாம். அரிசியும் பருப்பும் சேர்த்துக் கொடுத்தார்களாம். பொலிஸ் வாசலையோ நீதிமன்ற வாசலையோ வைத்தியசாலை வாசலையோ மிதிக்காமலே அவள் தேறிவிட்டாளாம். "சமூக ஆதரவு என்றால் இதுதான்" என்று பெருமையோடு முடித்திருக்கிறார். ஐயா, ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்த நேரம் அடித்தவன் எங்கே இருந்தான்? அவள் கல்லும் மண்ணும் சுமந்து கட்டிய அதே வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவளோ பிள்ளைகளின் பாடசாலையை மாற்றி, வளர்த்த கோழிகளை விட்டு, விதைத்த கச்சானை விட்டுப் போனாள். அடித்தவன் உள்ளே, அடி வாங்கியவள் வெளியே என்றால் ஊர் யாருக்கு ஆதரவு கொடுத்தது?

மல்லாவி மூத்தவர்:
தங்கச்சி, நித்திரை வராவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. இடம்பெயர்வதற்கு முன்பிருந்தே ஊர்ச் சங்கத்தில் இருந்தவன் நான். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தண்ணீருக்கு அடிபட்டவர்களையும், கூடாரத்துக்குள் மனைவியை அடித்தவர்களையும் விலக்குப் பிடித்தவன். சட்டப் புத்தகத்தைப் பார்த்து ஊர்ப்பணி செய்யவில்லை. அந்தப் பிள்ளையின் தலை உடைந்திருந்தது. அவன் கசிப்பைக் குடித்துவிட்டு மண்வெட்டியோடு நின்றான். அந்த இரவில் அவளை அங்கிருந்து எடுப்பதா, அவனோடு நின்று வீட்டு உரிமை பேசுவதா? முதலில் உயிர், அதற்குப் பிறகுதான் வீடு. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், அரசு கொடுத்த காணி அனுமதிப்பத்திரம் அவனுடைய பெயரில் இருக்கிறது. அவனுடைய காணியிலிருந்து அவனை எப்படி வெளியேற்றுவது?

கச்சான்காடு:
அந்த ஓர் இரவில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் குறை சொல்லவில்லை. விடிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். அனுமதிப்பத்திரத்தில் பெயர் இருந்தால் வெளியேற்ற முடியாது என்று உங்களுக்கு யார் சொன்னது? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், இருவரும் வாழும் வீட்டுக்குள் அடித்தவன் நுழையக்கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். அந்த வீட்டை விற்று அவளை நடுத்தெருவில் விடக்கூடாது என்றும் கட்டளையிடலாம். அவள் தானே போய் விண்ணப்பிக்க முடியாவிட்டால் பொலிஸ் உத்தியோகத்தர் அவள் சார்பில் விண்ணப்பிக்கலாம். கட்டளையை மீறினால் பத்தாயிரம் ரூபா வரை தண்டமோ, ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும்.

எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்கு நிறை நிறுக்கும் நாளில், குழந்தையைத் தராசில் வைக்கக் கையை உயர்த்தியபோது சட்டைக் கைக்குள் இருந்த கன்றலைக் குடும்பநல உத்தியோகத்தர்தான் முதலில் கண்டார். எல்லோர் முன்னாலும் கேட்கவில்லை, கடைசியாக அவளை நிற்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த கிழமைக்குள் அவளுடைய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு அயல் வீட்டு நெல் பரலுக்குள் போய்விட்டன. வழக்குத் தவணைக்கு மாதர் சங்கத்திலிருந்து எப்போதும் இரண்டு பேர் கூடப் போனோம், ஏனென்றால் நீதிமன்ற வளவுக்குள் அவனுடைய தமையனும் சித்தப்பாவும் வந்து "பிள்ளைகளை யோசி" என்று காதுக்குள் ஓதுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கட்டளை கிடைத்த பிறகு மாறி மாறி அவளுடைய விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தோம். அவன் ஒரு நாள் படலையடிக்கு வந்தான், ஐந்து ரோர்ச் வெளிச்சம் ஒன்றாக முகத்தில் விழத் திரும்பிப் போனான். அவள் தன் வீட்டிலேயே இருந்தாள், பிள்ளைகள் அதே பாடசாலைக்குப் போனார்கள். ஐயா, ஆதரவு என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

குளக்கட்டு (தருமபுரம்):
அக்கா சொல்வது காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் இடைக்காலக் கட்டளை 14 நாட்களுக்குத்தான் என்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? பதினைந்தாம் நாள் அவன் வருவான், அப்போது ரோர்ச் பிடிக்க எத்தனை பேர் வருவீர்கள்? 2009இற்கு முன்பு, புலிகளின் காலத்தில், இங்கே மனைவியில் கை வைக்க ஆண்கள் பயந்தார்கள். அந்தப் பயம் போன பிறகுதான் இவ்வளவும் நடக்கிறது.

கச்சான்காடு:
14 நாள் என்பது இடைக்காலக் கட்டளை, தம்பி. விசாரணைக்குப் பிறகு கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லும். அரைவாசியை வாசித்துவிட்டு எழுத வராதீர்கள்.

அந்தக் காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நானும் அந்தக் காலத்தில் இங்கேதான் இருந்தேன். தண்டனைக்குப் பயந்து வெளியே அடிக்காதவர்கள் உள்ளே கதவைச் சாத்திவிட்டு அடித்ததை நான் கண்டிருக்கிறேன். பயம் கையைக் கட்டி வைக்கும், அவ்வளவுதான். அடி வாங்கியவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து "நீ சாப்பிட்டாயா" என்று கேட்கப் பயத்துக்குத் தெரியாது.

குளக்கட்டு:
நீங்கள் எந்த வீட்டில் எதைக் கண்டீர்களோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் நான் கண்டது வேறு. 12 மாதம் என்கிறீர்கள், சரி, பதின்மூன்றாம் மாதம்?

வவுனியாத் தாதி:
நீங்கள் எல்லோரும் வீட்டுச் சாவியைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள். வைத்தியசாலை விடுதியில் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், யார் வெளியேறுவது என்பதை ஊரும் முடிவெடுக்கக்கூடாது, சங்கமும் முடிவெடுக்கக்கூடாது. அவன் எப்போதாவது அவளுடைய கழுத்தை நெரித்திருக்கிறானா என்று முதலில் கேளுங்கள். நெரித்திருந்தால் அவள் உயிருக்கு ஆபத்து மிக அதிகம் என்பது உலகம் முழுவதும் மருத்துவர்கள் கண்டு எழுதிய விடயம். கழுத்தில் ஒரு தடமும் இல்லாமலே உள்ளே வீங்கி மூச்சு அடைக்கலாம், ஆகவே அவளை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். பெண் பிரிந்து போக முடிவெடுக்கிற காலமும், பிரிந்த உடனேயுள்ள காலமும்தான் அவளுக்கு மிக ஆபத்தானவை. அப்படிப்பட்டவளை "இது உன் வீடு, இங்கேயே இரு" என்று இருத்தி வைத்து விறாந்தையில் பாய் போடுவது வீரமாக இருக்கலாம், பாதுகாப்பாக இருக்காது. அரச வைத்தியசாலைகளில் இதற்கென்றே நட்பு நிலையங்கள் இருக்கின்றன. 1938 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் மகளிர் உதவிச் சேவை கிடைக்கும். இவற்றை ஒருவரும் எழுதவில்லை.

மல்லாவி மூத்தவர்:
தாதி மகள் சொன்னதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். முதலில் உயிர், பிறகுதான் வீடு.

வவுனியாத் தாதி:
ஐயா, நான் உங்களுக்குச் சாட்சி சொல்ல வரவில்லை. வைத்தியசாலைக்குக் கொண்டு வராமல், சட்டவைத்திய அதிகாரியிடம் காட்டாமல், தாய் வீட்டுக்கு அனுப்பியதாக நீங்கள்தான் எழுதினீர்கள். தலை உடைந்த ஒருத்தியை அரிசி பருப்போடு பேருந்தில் ஏற்றியதை நான் ஆதரிக்கவில்லை.

கச்சான்காடு:
நன்றாகச் சொன்னீர்கள், தாதி. ஆனால் உங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் பெண் ஒருத்தியை ஒரு வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனபோது, கணவன் கட்டிலின் கால்மாட்டில் நிற்க, "எப்படி விழுந்தாய்?" என்று கேட்டார்கள். அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். வேறு என்ன சொல்வாள்? கழுத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லி எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்கள், முதலில் அவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கப் பழக வேண்டும். பாருங்கள், அங்கேயும் அதே கதைதான், வெளியேற வேண்டியவன் கட்டிலடியில் நிற்கிறான்.

வவுனியாத் தாதி:
ஒரு விடுதியில் நடந்ததை எல்லாத் தாதியரின் தலையிலும் கட்டாதீர்கள். நான் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். அதற்காக ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

பனிநாட்டுப் பரந்தனான்:
ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். உறவுகளே, ஏன் இந்தச் சண்டை? ஊருக்கு ஒரு காப்பகம் கட்டினால் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் பழைய மாணவர் சங்கத்தால் பணம் சேர்த்துத் தர முடியும், காணியை மட்டும் நீங்கள் பாருங்கள்.

கச்சான்காடு:
அண்ணை, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் கட்டடம் கட்டித் திறந்து, நாடா வெட்டி, வாசலில் பெயர்ப்பலகை வைத்தால், அவளைத் தேடுகிறவனுக்கு நீங்களே முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதோடு நீங்களும் அவளைத்தான் இடம்பெயரச் சொல்கிறீர்கள். வன்னியில் எத்தனை தடவை இடம்பெயர்ந்த பெண்கள் இவர்கள்! கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை பிள்ளையை இடுப்பில் வைத்து ஓடி, முகாமில் இருந்து, காடு பிடித்த வளவைத் துப்புரவாக்கி, இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டம் கட்டமாக வந்த ஐந்தரை இலட்சம் ரூபா போதாமல் தோட்டை அடகு வைத்துக் கூரை போட்டவளை, கூரைக்குக் கீழே இருந்து மறுபடியும் போகச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது? பணம் தர வேண்டுமானால் வழக்குக்குப் போய்வரும் பேருந்துச் செலவுக்குத் தாருங்கள், அவள் கூலிக்குப் போகாத நாட்களின் சாப்பாட்டுக்குத் தாருங்கள், கணவன் அவளுடைய பெயரில் எடுத்துக் குடித்த நுண்கடனுக்குத் தாருங்கள். கிழமைக்குக் கிழமை கடன்காரன் படலையில் நிற்கும்போது எந்தப் பெண்ணாலும் தேற முடியாது.

பனிநாட்டுப் பரந்தனான்:
கேட்டதற்கு இப்படியா பேசுவது? பணமும் தந்து ஏச்சும் வாங்க எங்களுக்கு விருப்பமில்லை.

மல்லாவி மூத்தவர்:
நுண்கடனைப் பற்றிக் கச்சான்காடு பேசக்கூடாது. அந்தக் கடன்களுக்குக் குழுச் சேர்த்துக் கையெழுத்து வைக்கச் சொன்னவர்கள் யார் என்று விசுவமடு முழுவதற்கும் தெரியும். மாதர் சங்கத்துக் கூட்டத்தில் தேநீரும் வடையும் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பியதையும் நாங்கள் அறிவோம்.

கச்சான்காடு:
குழுச் சேர்த்தவர்கள் சங்கத்தில் இருந்தார்கள், அவர்களில் நான் இல்லை. அந்தக் கூட்டத்தில் எழுந்து எதிர்த்துப் பேசியவள் நான், அதற்கும் சாட்சி உண்டு. வடையைப் பற்றி எழுத நேரம் இருக்கிற உங்களுக்கு, நான் முதலில் கேட்டதற்குப் பதில் எழுத நேரமில்லையா? அடித்தவன் ஏன் வெளியேறவில்லை?

தேறுவது என்றால் என்னவென்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கையிலிருந்த கோப்பையை நழுவ விடுகிறவளாக அவள் இருந்தாள். விறாந்தையில் நாங்கள் படுத்த முதல் நாட்களில் விடிய விடியக் கண் மூடவில்லை. பிறகு ஒரு காலை நாங்கள் எழும்பித் தேநீர் வைத்த பிறகும் அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள், ஒருவரும் எழுப்பவில்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தனக்குப் பிடித்த நிறத்தில் சேலை உடுத்து வந்தாள், அதுவரை அவன் சொல்லும் நிறத்தைத்தான் உடுத்தவள். கச்சான் உடைக்கும் கூலியைத் தன் கையால் வாங்கி வங்கிப் புத்தகத்தில் போட்டாள். இவ்வளவும் அவள் தன் கிணற்றடியில், தன் முற்றத்தில் நின்றபடியால் நடந்தது. தாய் வீட்டுக்குப் போனவள் தமையனின் மனைவிக்கு முகம் பார்த்துச் சோறு தின்ன வேண்டும், அவர்கள் சலித்த அன்று திரும்பிப் போக வேண்டும். உங்கள் மல்லாவிப் பிள்ளை இப்போது எங்கே, ஐயா? அதை ஏன் எழுதவில்லை?

மல்லாவி மூத்தவர்:
பெரியவர்கள் பேசி, அவன் கோயிலில் சத்தியம் செய்த பிறகு அவனோடு சேர்ந்துவிட்டாள். குடும்பம் என்றால் அப்படித்தான். பிள்ளைகளுக்குத் தகப்பன் வேண்டும்.

வவுனியாத் தாதி:
இதைத் தேறினாள் என்றா எழுதினீர்கள்?

கச்சான்காடு:
எனக்குத் தெரியும், இது வருமென்று தெரியும்! அரிசி கொடுத்து அனுப்பி, சத்தியம் வாங்கித் திருப்பி ஒப்படைத்திருக்கிறீர்கள். 2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் கேட்டு எழுதிய ஆய்வில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருத்தி அவனிடமிருந்து உடல் வன்முறையோ பாலியல் வன்முறையோ அனுபவித்தவள் என்று வந்தது. அவர்களில் எத்தனை பேர் இப்படிச் சத்தியத்தை நம்பித் திரும்பிப் போனவர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

குளக்கட்டு:
அக்கா, ஐந்தில் ஒருத்தி என்றால் எல்லோருக்கும் விறாந்தையில் பாய் போட உங்கள் சங்கத்தில் ஆள் இருக்கிறதா? பதின்மூன்றாம் மாதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

கச்சான்காடு:
கட்டளை முடியுமுன் மீண்டும் விண்ணப்பிக்கலாம், தம்பி. கூடப் போக ஆள் வேண்டும், நீங்கள் வருகிறீர்களா?

மல்லாவி மூத்தவர்:
அனுமதிப்பத்திரம் அவனுடைய பெயரில் இருக்கிறது என்பதை எத்தனை தடவை எழுதுவது?

கச்சான்காடு:
அந்தப் பத்திரங்கள் ஏன் ஆண்களின் பெயரிலேயே இருக்கின்றன என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசையில் ஆண்பிள்ளைகளுக்கு இருந்த முன்னுரிமையை நீக்கவே 2022 வரை ஆனது. அது இருக்கட்டும். அவன் பெயரில் பத்திரம் இருந்தாலும் நீதவான் அவனை அந்த வீட்டுக்குள் நுழையாமல் தடுக்கலாம் என்று நான்தான் எத்தனை தடவை எழுதுவது? நாளைக்குப் பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், ஐயா. வரும்போது அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மல்லாவி மூத்தவர்:
என் ஊர்ப் பிள்ளையைப் பார்க்க எனக்கு நீங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. உயிரோடு இருக்கிறாள், அது எங்களால்தான்.

வவுனியாத் தாதி:
அவளுடைய கழுத்தைப் பற்றி யாராவது கேட்டீர்களா, ஐயா?