மறு: 'சவுண்ட்ஸ்கேப்': ஒலிச்சூழலா, ஒலித்திணையா?

> 'சவுண்ட்ஸ்கேப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒலிச்சூழல் போதும். எல்லாருக்கும் புரிகிறது. திணை என்பதெல்லாம் பண்டிதத்தனம்.

ஐயா, வணக்கம்.

புரிகிறது, சரி. ஆனால் 2014-இல் வந்த ஐஎஸ்ஓ 12913 என்ற பன்னாட்டுத் தரநிலை இரண்டைப் பிரிக்கிறது. ஓரிடத்தில் காதில் வந்து விழும் ஒலிகள் அத்தனையும் ஒன்று. அதை அங்கிருப்பவர் எப்படி உணர்கிறார் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் சவுண்ட்ஸ்கேப். ஒலிச்சூழல் முதலாவதற்கே பொருந்தும்.

போன வாரம் தூக்கம் வராமல் கைபேசியில் மழைப் பதிவு ஒன்றை ஓடவிட்டுப் படுத்தேன். கண் சொக்கும் நேரத்தில் அம்மா எழுந்து மாடிக்கு ஓடுகிறார், கொடியில் கிடந்த துணியை எடுக்க. அப்புறம் நான் வாங்கிய திட்டு தனிக்கதை. ஒலி ஒன்றுதானே ஐயா?

திணையில் நிலம், பொழுதோடு உரிப்பொருளும், அதாவது அங்கிருப்பவரின் உணர்வும், உண்டு. கருப்பொருளில் புள்ளும் பறையும் யாழும் தொல்காப்பியத்திலேயே இருக்கின்றன. அதனால்தான் ஒலித்திணை என்கிறேன். இன்னொருவர் சொன்ன 'ஒலிப்பரப்பு' வேண்டவே வேண்டாம். ஒரு 'ப்' விழுந்தால் வானொலி நிலையமாகிவிடும்.

அடுத்து, இயற்கை ஒலிகளைப் பதிவு செய்யும் பெர்னி க்ராஸின் பயோஃபனி (உயிரினங்கள் எழுப்பும் ஒலி), ஜியோஃபனி (காற்று, நீர் போன்ற உயிரற்ற இயற்கையின் ஒலி). 'உயிரொலி' என்றால் அ, ஆ நினைவுக்கு வரும். 'நிலவொலி' என்றால் நிலா. உயிரியொலி, புவியொலி என்று வைக்கலாமா? நான் மொழிபெயர்க்கும் கட்டுரைக்கு இரண்டும் தேவை. 2021-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக இதழில் வந்த தொகுப்பாய்வைப் பற்றியது அது. மனநிலையை உயர்த்துவதில் நீரொலியும், மன அழுத்தத்தைத் தணிப்பதில் பறவையொலியும் முன்னிற்கின்றன என்கிறது. நீர் புவியொலிப் பக்கம், பறவை உயிரியொலிப் பக்கம்.

------

மறுமொழி:

தம்பி, துணிக் கதையில் தோற்றேன். உயிரியொலி, புவியொலி இரண்டும் எனக்குச் சம்மதம். ஆனால் ஒலித்திணை என்றதும் பள்ளிப் பிள்ளை உயர்திணையா அஃறிணையா என்று கேட்பான், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மலையருவியைப் பதிந்து வந்து படுக்கையறையில் ஓடவிடுகிறீர்கள். அது குறிஞ்சியா, உங்கள் வீடா? ஒலி பிறந்த இடம் ஒன்று, கேட்கும் இடம் வேறு என்றாவதற்கு கனடிய இசையமைப்பாளர் முர்ரே ஷேஃபர் 'ஸ்கிஸோஃபோனியா' என்று பெயர் வைத்தார். அதற்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்?

------

மறுமொழி:

திணைமயக்கம், ஐயா!