போக்கர் கணக்கு: எனக்கு 2.17, கால்குலேட்டரில் 50. எது சரி? அவசரம்

காட்பாடி பையன்:
பைத்தானில் போக்கர் ப்ரோக்ராம் எழுதியிருக்கிறேன், நாளைக்குக் காலேஜில் காட்ட வேண்டும். ஜெயிக்கும் வாய்ப்பு 2.17 சதவீதம் என்று வருகிறது, இணையக் கால்குலேட்டர் ஈக்விட்டி 50 என்கிறது. லட்சம் தடவை ஓட்டியும் அதேதான். யாராவது சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை பைபாஸ்:
என்ன சீட்டு, எத்தனை பேர்?

ஆம்பூர் அண்ணன்:
கலைக்கும் இடத்தைப் பார். கைக்குக் கொடுத்த சீட்டைக் கட்டிலிருந்து எடுக்கவில்லை என்றால் இப்படித்தான் கோணலாக வரும். நான் அடித்துச் சொல்கிறேன், அதுதான்.

கோட்டை வாசல்:
எந்த வகைப் போக்கர், ஹோல்டெமா ஓமஹாவா என்றுகூட எழுதாமல் அவசரம் வேறு. ஹோல்டெம், இரண்டு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு போக மிச்சம் 48 சீட்டு, அதில் மேசைக்கு வரும் பொதுச் சீட்டு ஐந்து எடுக்க 17,12,304 வழி. முழுக்கவே எண்ணிவிடலாம், லட்சம் தடவை குலுக்குவதெல்லாம் அடிப்படை தெரியாதவர்கள் செய்வது.

காட்பாடி பையன்:
ஹோல்டெம்தான், ரெண்டு பேர். எனக்கு ஸ்பேட் ஏஸ், ஆட்டின் கிங். எதிராளிக்கு டைமன் ஏஸ், கிளாவர் கிங். கட்டிலிருந்து எடுத்துவிட்டேன் அண்ணா.

சத்துவாச்சாரி அக்கா:
ரெண்டும் சரி தம்பி, ரெண்டும் வேறு கேள்விக்குப் பதில். நீ தனியாக ஜெயிப்பதை மட்டும் எண்ணுகிறாய். இந்தக் கைகளில் 95.65 சதவீதம் டை, அதாவது சமம் ஆகும், அப்போது பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், அதில் பாதி உனக்கு. 2.17 உடன் 47.83 சேர்த்தால் 50. பாட் ஆயிரம் என்றால் சராசரியாக உன் பங்கு ஐந்நூறு, அதுதான் ஈக்விட்டி. மேசையிலேயே 10, ஜாக், குயின், கிங், ஏஸ் விழுந்து ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) வழியே இல்லை என்று வை, யாரும் தனியாக ஜெயிக்க முடியாது, ஆனால் பங்கு உண்டு. பாட் 200 இருக்க எதிராளி கையிலுள்ள 100 முழுவதையும் வைத்து ஆல்-இன் போனால், நீயும் 100 வைத்துக் கால் பண்ண, மொத்தம் 400இல் உன் 100, அதாவது 25 சதவீதம் வேண்டும். அதோடு ஒப்பிட வேண்டியது ஈக்விட்டியை. ஒன்று கவனி, டை என்றால் பாதி என்று கோடில் நிரந்தரமாக எழுதிவிடாதே, மூன்று பேர் சமமானால் மூன்றில் ஒன்று.

ஆம்பூர் அண்ணன்:
இருந்தாலும் கலைப்பதையும் ஒருமுறை பார்த்துவிடு.

பாலாற்றங்கரை:
காலேஜில் சூதாட்டமா? இந்த ஆட்டங்களில் வீடு போனவர்களை நான் அறிவேன்.

கோட்டை வாசல்:
ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, படித்துவிட்டு வாருங்கள்.

பாலாற்றங்கரை:
2025 மத்திய சட்டத்தை நீங்கள் படியுங்கள். இணையத்தில் பணம் கட்டி ஆடுவது, திறமையோ அதிர்ஷ்டமோ, தடைதான்.

ராணிப்பேட்டை பைபாஸ்:
பையன் பணம் கட்டவில்லை, கணக்குப் போடுகிறான். விடுங்கள்.

காட்பாடி பையன்:
டையையும் சேர்த்தேன், 50 வந்துவிட்டது. நன்றி அக்கா.

சத்துவாச்சாரி அக்கா:
சரி தம்பி. மூன்று பேருக்கு ஓட்டிப் பார்த்தாயா? ஒருவர் குறைந்த பணத்தில் ஆல்-இன் போனால் மற்றவர்கள் மேற்கொண்டு வைக்கும் பணம் சேரும் சைடு பாட்டுக்குத் தனி ஈக்விட்டி போட வேண்டும்.