டெக்சாஸ் பள்ளி மாவட்ட பட்ஜெட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறோம், பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். எங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் பட்ஜெட் கூட்டத்தில் ஆசிரியர் சம்பளம் பற்றிப் பேசப் போகிறேன், அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும்.

சொத்து வரியில் நடைமுறைச் செலவுக்கான பங்கிலிருந்துதான் சம்பளம் கொடுக்க முடியும், கடன் பங்கு ஸ்டேடியம் மாதிரி கட்டடங்களுக்காக பாண்ட் (கடன் பத்திரம்) மூலம் வாங்கிய கடனை அடைக்க மட்டுமே, அதனால் "ஸ்டேடியம் கட்டுகிறீர்களே, டீச்சருக்கு ஏன் இல்லை" என்று கேட்டால் எடுபடாது. மாநிலம் மாணவர் ஒருவருக்குத் தரும் அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலரிலேயே நின்றது, 2025 சட்டத்தில் 55 டாலர்தான் கூடியது. அதே சட்டம் 5,000 மாணவர்களுக்கு மேல் உள்ள மாவட்டங்களில் 3, 4 ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியர்களுக்கு 2,500 டாலரும், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 5,000 டாலரும் தருகிறது. புதிதாக வந்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. என் மகளின் டீச்சருக்கு இது இரண்டாவது வருடம், வகுப்புக்குப் பென்சிலும் டிஷ்யூவும் சொந்தக் காசில் வாங்குகிறார், எனக்கு மனசே கேட்கவில்லை.

சரி, என் கேள்வி. பட்ஜெட்டில் 11 என்ற எண்ணில் கற்பித்தல் செலவு, 41-ல் நிர்வாகச் செலவு இருக்கிறது. 11-க்குள் ஆசிரியர் சம்பளத்தை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது? அப்புறம், பக்கத்து மாவட்டங்களோடு ஒப்பிட ஆரம்பச் சம்பளத்தை எடுப்பதா, சராசரியை எடுப்பதா? ஸ்கூல் போர்டில் பேசிய அனுபவம் உள்ளவர்கள், கணக்குத் துறையில் இருப்பவர்கள் யாராவது ஒரு மாலை போனில் பேச முடியுமா? கமெண்டில் சொல்லுங்கள், பட்ஜெட் கோப்பை அனுப்புகிறேன்.