‘சும்மா எழுதிக் கொடுத்துட்டுப் போங்க’

திண்டுக்கல் பக்கத்திலிருந்து:

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை எங்கள் தெருவில் மாதக்கணக்காக மூடவில்லை. போட்டோ எடுத்து, வார்டு உறுப்பினரைக் கிண்டலடித்து நாலு வரி சேர்த்து முகநூலில் போட்டேன். ஸ்டேஷனில் இருந்து போன் வந்தது. “உங்க மேல ஒரு மனு வந்திருக்கு சார், சும்மா வந்து பார்த்துட்டுப் போங்க.”

போனேன். மேஜையில் என் பதிவின் பிரிண்ட் அவுட். நான் எழுதியதை விட்டுவிட்டு, கீழே வந்த கமெண்ட்களில்தான் சிவப்பு மையில் நிறையக் கோடு. என் மச்சான் போட்ட சிரிப்புப் பொம்மையைக்கூட வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். எஸ்.ஐ. தன்மையாகத்தான் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். “இனிமே இப்படிப் போட மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க, முடிஞ்சிடும்.”

வழக்கைவிட அந்தத் தாள்தான் ஆபத்து. வழக்கு என்றால் எந்தப் பிரிவு என்று நீதிபதியாவது கேட்பார். தாளுக்குப் பிரிவும் இல்லை, அப்பீலும் இல்லை. “மனு ரசீது நம்பர் கொடுங்க, சம்மனை எழுத்துல கொடுங்க, வக்கீலோட வர்றேன்” என்றேன். எஸ்.ஐ.யும் ரைட்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சரி, கூப்பிடுறோம்.” இன்றுவரை கூப்பிடவில்லை. பள்ளமும் அப்படியே இருக்கிறது.

வீட்டில்தான் ரகளை. ஆளுங்கட்சிக்காரரான சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார். போன ஆட்சியில் அவரையும் இதே மாதிரி கூப்பிட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதைச் சொன்னால் “அது வேற” என்கிறார்.

மதுரையிலிருந்து:

“அது வேற” என்பதுதான் எல்லாக் கட்சிக்கும் பொதுக்கொள்கை. 2012-ல் புதுச்சேரியில் ஒரு வியாபாரி, அப்போதைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதியதற்காகக் கைதானார். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கிற தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் வழக்கு. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. அப்புறமும் பல மாநிலங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தார்கள். இனி யார்மீதும் அதில் வழக்கு நடத்தக்கூடாது என்று 2022-ல் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியதாயிற்று.

எங்கள் ஊர்ப்பக்கம் வாடிப்பட்டியில் நடந்தது இன்னும் கூத்து. ஒரு இடதுசாரிக் கட்சிக்காரர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய்வந்து, துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போனதாகக் கிண்டலாக எழுதிப் படங்களைப் போட்டார். தேசத்துக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் என்கிற அளவுக்குப் பிரிவுகள் போட்டு வழக்கு. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கடமைகளில் சிரிப்பதையும் சேர்க்கலாம் என்கிற ரீதியில் தீர்ப்பு போகும். தேடிப் படியுங்கள்.

சென்னையிலிருந்து, வயது எழுபது தாண்டியவன்:

எமர்ஜென்சியின்போது நான் ஒரு சின்னப் பத்திரிகையில் புரூஃப் பார்க்கும் பையன். 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த பிறகு கெடுபிடி அதிகமாகிவிட்டது. அச்சுக்கு முன்னால் திருத்துவதற்காக எடுக்கும் புரூஃப் தாளை ஈரம் காயாமலே சுருட்டிக்கொண்டு தணிக்கை அதிகாரியிடம் ஓடுவது என் வேலை. அவர் நீலப் பென்சிலால் அடித்துத் தருவார். எதற்காக அடித்தார் என்று யாரும் கேட்கக்கூடாது. ஒரு தடவை கத்திரிக்காய் விலையைக்கூட அடித்துவிட்டார்.

விசாரணையில்லாமல் உள்ளே தள்ளும் மிசா சட்டத்தில் பிடிபட்டவர்களின் பெயரையும் போட முடியாது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அவர் நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. ஊர்வாரியாகப் பெயர்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரிந்தது. கருணாநிதியைப் பிடிக்காதவர்களும் அன்றைக்கு அந்தப் பேப்பரைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து, மறுபடியும்:

வாட்ஸ்அப்பில் சம்மன் வந்தால் என்ன செய்வது என்று உள்பெட்டியில் இருவர் கேட்டிருந்தீர்கள். விசாரணைக்கு வரச்சொல்லி போலீஸ் கொடுக்கும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக அலட்சியமாக இருக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள். வெள்ளைத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.