பல் மருத்துவரைக் கண்டாலே நடுங்கும் எனக்கு வெளிநாட்டுச் சிகிச்சை சரிப்படுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சிறுவயதில் மரப்பு முழுமையாக ஏறும் முன்பே பல்லைப் பிடுங்கிவிட்டதால், பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்து நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். பல ஆண்டுகள் தள்ளிப்போட்டதன் விளைவாகக் கீழ்க்கடைவாய்ப் பற்கள் இரண்டை இழந்துவிட்டேன். வேறு சில பற்களுக்கு வேர் சிகிச்சையும் தேவைப்படுகிறது. செலவை முன்னிட்டு வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றில் விசாரித்தபோது, மயக்க மருந்து கொடுத்து, இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகு பொருத்தி அதன்மேல் வைக்கும் செயற்கைப் பல்) உட்பட அனைத்தையும் ஒரே வாரத்தில் முடித்து அனுப்பிவிடுவதாகக் கூறுகிறார்கள். தூங்கி எழுந்தால் வேலை முடிந்திருக்கும் என்பது என் போன்றவர்களுக்கு எத்தனை பெரிய ஆறுதல்! ஆயினும், மொழி தெரியாத இடத்தில் வலியை எப்படித் தெரிவிப்பது, ஊர் திரும்பிய பின் கோளாறு ஏற்பட்டால் யாரிடம் செல்வது என்பவை உறுத்துகின்றன. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பல் மருத்துவர்)

அந்த ‘ஒரே வாரம்’ என்பதை முதலில் கேள்விக்குட்படுத்துங்கள். இம்பிளான்ட்டின் டைட்டானியம் திருகு தாடை எலும்புடன் இறுகப் பிணைவதற்குப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். பொருத்திய உடனேயே பல் வைக்கும் முறையும் உண்டு என்றாலும், அப்போது வைக்கப்படுவது பெரும்பாலும் தற்காலிகப் பல்தான். எனவே இரண்டு பயணங்களுக்குக் கணக்கிடுங்கள்.

மயக்கம் என்று அவர்கள் எதைக் குறிப்பிடுகிறார்கள் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கும்போது நீங்கள் விழித்தே இருப்பீர்கள். நிறுத்திய சில நிமிடங்களில் அதன் தாக்கம் நீங்கிவிடும். ரத்தக்குழாய் வழியாக மிடசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைச் செலுத்தினால் அரைத்தூக்கம் போலிருக்கும், சொன்னதைச் செய்வீர்கள், ஆனால் நடந்தவற்றில் பெரும்பகுதி நினைவில் நிற்காது. அதன்பின் 24 மணி நேரம் வாகனம் ஓட்டவோ முக்கிய முடிவு எடுக்கவோ கூடாது. உடன் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதால் தனியாகச் செல்வது சரியாகாது. மூச்சையும் ரத்த ஆக்சிஜன் அளவையும் கண்காணிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் அறையில் இருப்பாரா என்றும் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திடுவது மருந்து ஏறும் முன்னரே முடிந்துவிட வேண்டும்.

இன்னொன்று: மரப்பு ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், அதனாலும் சிறிது நேரம் நெஞ்சு படபடக்கலாம். பயந்த நோயாளிகள் பலர் இதை ஒவ்வாமை என்று எண்ணி மேலும் கலங்குகிறார்கள்.

மறுமொழி 2

நானும் பல் பயம் உள்ளவன்தான். மொழி தெரியாத நாட்டில் சிகிச்சை பெற்றிருக்கிறேன். எனக்குக் கைகொடுத்தது, முதல் சந்திப்பைப் பேச்சுக்கும் பரிசோதனைக்கும் மட்டும் ஒதுக்கிக் கொண்டதுதான். இடக்கையை உயர்த்தினால் கருவியை உடனே நிறுத்த வேண்டும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு, அதை அன்றே ஒருமுறை ஒத்திகையும் பார்த்தோம். அதற்கு மொழியே தேவைப்படவில்லை. பல் பயத்தை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று பல மொழிகளில் கிடைக்கிறது. மதிப்பெண் 5 முதல் 25 வரை. 19 அல்லது அதற்கு மேல் என்றால் கடும் பயம். அதை நிரப்பி முன்கூட்டியே அனுப்பினால், வெட்கப்பட்டு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பற்களின் எண்களில் கவனம் தேவை. பெரும்பாலான நாடுகளில் 16 என்பது வலது மேல் முதல் கடைவாய்ப்பல். அமெரிக்க முறையிலோ அதே எண் இடது மேல் ஞானப்பல்லைக் குறிக்கும். ஆகவே எந்தப் பல் என்பதை எண்ணோடு சொற்களாலும் எழுதச் சொல்லுங்கள்.

மறுமொழி 3

மேலே உள்ளவர்களின் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் எனக்கு இத்திட்டமே உவப்பாக இல்லை. வேர் சிகிச்சை செய்த பல்லில் பிறகு வலி வந்தால், அதைச் செய்தவரே பார்ப்பது எளிது. பயம் உள்ளவர் விமானம் ஏறி மறுபடியும் அங்கே செல்வாரா, அல்லது வலியைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிடுவாரா? வேர் சிகிச்சையை இருக்கும் இடத்திலேயே, பொறுமையான ஒரு மருத்துவரிடம், ஒவ்வொரு பல்லாக முடித்துக்கொண்டு, இம்பிளான்ட்டுக்கு மட்டும் வெளிநாடு செல்வதைப் பற்றி யோசியுங்கள். பல் பிடுங்க நேர்ந்தால் மறுநாளே திரும்பப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். ரத்தக்கட்டி கலைந்து எலும்பு வெளித்தெரியும் கடும் வலி பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே தலைகாட்டும். பொருத்திய இம்பிளான்ட்டின் நிறுவனம், விட்டம், நீளம், தொகுதி எண் ஆகியவற்றையும் எக்ஸ்ரே படங்களையும் கையோடு வாங்கி வாருங்கள். இவை இல்லாவிட்டால், பின்னாளில் திருகு தளரும்போது எந்தக் கருவி அதற்குப் பொருந்தும் என்று உள்ளூர் மருத்துவர் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வேர் சிகிச்சையை இங்கேயே தொடங்குவதென முடிவு செய்துவிட்டேன். ஒரு சிறு ஐயம்: என் மருத்துவர் பதற்றத்திற்கு அளித்துள்ள மாத்திரையைப் பயணத்தில் எடுத்துச் செல்லலாமா?

மறுமொழி 1 (பல் மருத்துவர்)

அவ்வகை மாத்திரைகள் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. சிலவற்றில் முன் அனுமதியும் தேவை. செல்லவிருக்கும் நாட்டின் தூதரகத்தில் கேட்டறிந்து, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டுடன் அசல் உறையிலேயே கொண்டு செல்லுங்கள். சிகிச்சை நாளன்று அங்குள்ள மருத்துவரிடம் சொல்லாமல் அதை விழுங்க வேண்டாம். மிடசோலத்துடன் சேரும்போது அது மூச்சை ஆபத்தான அளவுக்கு மந்தமாக்கக்கூடும்.