வர்த்தூர் ஏரிப் பக்கம் குத்தகைக் கீரை விவசாயிகளுக்கு மானியம் கிடைக்க வழி உண்டா?

வணக்கம். பெங்களூர் வர்த்தூர் ஏரிக்குக் கீழே 9 குடும்பங்கள் சேர்ந்து 6 ஏக்கரில் கீரை போடுகிறோம். எல்லாம் வாய்மொழிக் குத்தகை. முக்கால்வாசிப் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்.

வாய்க்காலில் வருவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி. போன ஐப்பசி மழைக்குப் பிறகு நுரை அதிகம். விடிகாலையில் தண்டுக்கீரை இலையில் சோப்பு நுரை மாதிரி ஒட்டியிருக்கும். வெயில் ஏறியதும் வெள்ளையாகக் காய்ந்து இலை ஓரம் கருகிவிடுகிறது. களை பறிக்கிற அக்காமாருக்குக் கையெல்லாம் அரிப்பு. இதே தண்ணீர்தான் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கேயும் நம் ஆட்கள் இதை நம்பித்தான் பயிர் வைக்கிறார்கள். எங்கள் வயல் உரமும் பூச்சிமருந்தும் அதில் போய்ச் சேரவே கூடாது.

வாய்க்கால் முகப்பில் வண்டல் படியக் குட்டை, அதையடுத்துத் தண்ணீரை வடிகட்ட நாணலும் கல்வாழையும் வைத்த படுகை, வரப்போரம் வெட்டிவேர், மண்புழு உரத்தொட்டி. இதற்குத்தான் பணம் வேண்டும்.

4 மாதமாக அலைகிறோம். வேளாண் அலுவலகத்தில் பஹணி (கர்நாடக நில உரிமை, சாகுபடி ஆவணம்) கேட்டார்கள், நிலத்துக்காரர் தர மறுக்கிறார். 2 கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பிரிவில் சங்கப் பதிவு, 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைச் சான்றுகள் இல்லாமல் பேசவே முடியாது என்றார்கள். மத்திய அரசின் இயற்கை விவசாயத் திட்டமான பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவில் விவசாயிகள் சேர்ந்து அமைக்கும் தொகுப்புக்கு 6 ஏக்கர் பத்தாது. தண்ணீரைச் சொந்தக் காசில் பரிசோதித்தோம், அறிக்கை கையில் இருக்கிறது.

சொந்த நிலமோ சங்கப் பதிவோ இல்லாத குழுவுக்கு, பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் வழியாக இப்படிப்பட்ட மானியம் வாங்கிய அனுபவம் பெங்களூரில் யாருக்காவது இருக்கிறதா?