மறு: மறு: ஹாக்கி அண்ணாச்சி முட்டு – பணம் எந்தக் கணக்கில்?

மேலத்தெரு சின்னவன், தோஹா:

நம் ஊர்ச் சங்கத்து உறவுகளுக்கு வணக்கம். கோயில் கொடைக்கு ஊர் போய் வந்தேன். கோயில் சங்கதியை அப்புறம் எழுதுகிறேன், அதற்கு முன்னால் இது.

ஹாக்கி அண்ணாச்சிக்குப் படி ஏற முடியவில்லை. பள்ளிக்கூட வேன்தான் இன்னும் ஓட்டுகிறார். இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு வலது காலைக் கையால் தூக்கி வெளியே வைக்கிறார். பிரேக் மிதிக்கிற கால் அது. உள்ளே அத்தனை பிள்ளைகள். எனக்கு அதுதான் பயம். மதினி தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, முழங்கால் முட்டு மாற்ற ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 2,10,000 ரூபாய் கேட்டதாகச் சொன்னார். மதினி சொன்னது அண்ணாச்சிக்குத் தெரிந்தால் வீட்டில் சண்டைதான். யாரும் நேரே போன் போட வேண்டாம்.

காலையில் கண்மாய்ப் பொட்டலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுகிறார். வாய் திறந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கோல்கீப்பருக்குக் காலில் கட்டுகிற பேடு, பாதத்துக்கு மேல் மாட்டுகிற கிக்கர், ஹெல்மெட் ஒரு செட். இப்போது இருப்பதை சைக்கிள் டியூபால் கட்டி வைத்திருக்கிறார்கள்.

நான் 15,000 போடுகிறேன். மற்றவர்கள் முடிந்ததைச் சொல்லுங்கள்.

பொருளாளர், சிங்கப்பூர்:

தம்பி மடல் கண்டேன். வருத்தம்தான். ஆனால் வாயால் சொன்ன தொகைக்குச் சங்கம் பணம் எடுக்க முடியாது, ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டுச் சீட்டு வேண்டும். 50,000-க்கு மேல் இரண்டு கையெழுத்து என்று தீர்மானம் போட்டதே மதகு விவகாரத்துக்குப் பிறகுதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, அதில் இது வருமா என்று யாராவது கேட்டீர்களா? விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நலிந்த முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறதே, மனு போட்டாரா?

இன்னொன்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் வராது. அமெரிக்கா, கனடாவில் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் வரும். நம் சங்கத்துக்கு அந்தச் சட்டப்படியான பதிவு கிடையாது. ஆகவே அவர்கள் சங்கக் கணக்கில் ஒரு ரூபாயும் போடக் கூடாது. போன தடவை போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை.

கீழவீட்டு ரைட் இன், நியூஜெர்சி:

பெயரைச் சொல்லியே எழுதலாம் அத்தான். போட்டது நான்தான். ரசீது கொடுத்தது நீங்கள்தான்.

அந்த ஓய்வூதியத்துக்கு 58 வயது ஆக வேண்டும். அவருக்கு இப்போது 47. வயது வந்தாலும் நலிந்த வீரர் என்று ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஆளா அவர்?

முட்டு எப்படிப் போனது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பொட்டல் முழுக்கச் சரளை. பந்து எங்கே எகிறும் என்று சொல்ல முடியாது. குனிந்த வாக்கிலேயே ஓட வேண்டும், மட்டை தரையோடு போக வேண்டும். எதிரணிக்கு பெனால்டி கார்னர் (நம் தவறுக்காக அவர்களுக்குக் கோல் அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு) என்றால் கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்கிறவர் அண்ணாச்சி, அடிக்கிறவனுக்கு நேர் எதிரே. 160 கிராம் பந்து, நல்ல கை அடித்தால் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். இப்போது அந்த ஆளுக்கு முகமூடி, முட்டுக்கவசம் எல்லாம் உண்டு. எங்களிடம் இருந்தது கால்சட்டை. அடித்தவன் பயந்த ஆட்டங்களும் உண்டு, சொன்னால் சிரிப்பீர்கள்.

1996-ல் சென்னையில் சாம்பியன்ஸ் டிராபி. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்து கேலரியில் நானும் அவரும். நெதர்லாந்து கோப்பையை வாங்கியது, நமக்கு நாலாவது இடம். அண்ணாச்சி ஆட்டத்தை எங்கே பார்த்தார், தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. “இதுல ஆடுறவனுக்கு முட்டு எப்பிடிடா போவும்?” என்றார். கடைசியில் அவர் முட்டு போனதும் அந்த மாதிரித் தரையில்தான், 2007-ல்.

அப்போது ஒரு நிறுவனத்தில் ஸ்டைபண்ட் வாங்கிக்கொண்டு ஆடினார். நிரந்தர வேலை இல்லை, ஒப்பந்தம். கால் ஓடும்வரை காசு. 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தபோது டிவியில் அவர் முகம் தெரிந்ததற்கு ஊரில் வெடி போட்டார்கள். அந்த லீக்கே 2008-ஓடு முடிந்துபோனது. ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 25 வயதுக்குள் போக வேண்டும், அவருக்கு அது தாண்டிவிட்டது. தாண்டாதவனைக் கையைப் பிடித்து டிரயல்ஸுக்குக் கூட்டிப் போனார். யாரை? உங்கள் தம்பியை அத்தான். தம்பி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறார், ரயில்வே பாஸில் குடும்பத்தோடு காசிக்குப் போய் வருகிறார். அண்ணாச்சியிடம் மதிப்பீட்டுச் சீட்டு கேட்கிறீர்கள்.

2022-ல் கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் இந்திய அணியில் ஜகார்த்தா ஆசியக் கோப்பைக்குப் போனபோது இதே குழுவில் கோவில்பட்டி, கோவில்பட்டி என்று மார்தட்டினோம். கோவில்பட்டி விடுதிக்கு நம்ம ஊர்ப் பிள்ளைகள் தேறிப் போவது யாரால்? ஆண்டு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்களே, பின்னால் இருந்த ஃபிளெக்ஸின் செலவை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்?

பொருளாளர், சிங்கப்பூர்:

இதர செலவு, மூன்றாம் பக்கம். என் தம்பியை இதில் இழுக்க வேண்டாம். டிரயல்ஸில் ஓடியது அவன் கால்.

வடக்கு வீட்டுப் பேத்தி, மஸ்கட்:

மாமாக்களே, கொஞ்சம் நிறுத்துங்கள். அண்ணாச்சி வீட்டுக்கு போன் போடக் கூடாது என்றதால், அவர் மனைவி, என் சித்தி, ஆபீஸில் இருக்கும் நேரத்தில் சித்தியிடமே பேசினேன்.

எக்ஸ்ரேயை வாங்கி இங்கே எங்கள் எலும்பு டாக்டரிடம் காட்டினேன். முட்டின் உள்பக்கக் குருத்தெலும்பு மட்டும்தான் தேய்ந்திருக்கிறது. 47 வயதில் முட்டை மாற்றினால் அது பதினைந்து, இருபது வருடம் தாங்கும். பிறகு மறுபடி கத்தி, இரண்டாம் தடவை இன்னும் சிரமம். முட்டுக்குக் கீழே எலும்பைக் கொஞ்சம் வெட்டி நேராக்கி, பாரத்தைத் தேயாத பக்கத்துக்கு மாற்றுகிற ஆபரேஷன் ஒன்று உண்டு. இந்த வயதுக்கு முதலில் அதைத்தான் யோசிக்க வேண்டும் என்கிறார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டட்டும். காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. அதனால் 2,10,000 என்ற பேச்சே இப்போது வேண்டாம்.

வேறு இடத்தில்தான் ஓட்டை. ஆபரேஷன் ஆனால் இரண்டு மூன்று மாதம் வேன் ஓட்ட முடியாது. சித்தப்பா தள்ளிப்போடுவது அதற்குத்தான், கத்திக்குப் பயந்து இல்லை. பெரியவள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள், சித்தியின் அம்மா படுக்கையில். வடக்கே தங்குமிடத்தோடு ஒரு கோச் வேலை வந்து அவர் போகாதது உங்களில் யாருக்காவது தெரியுமா? அதைத் தியாகம் அது இது என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அவருக்கு வீட்டை விட்டு இருக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். இளம் வயது முழுக்க விடுதியிலும் கேம்பிலும் சாப்பிட்ட ஆள். சித்தி விடியற்காலையிலேயே ஆபீஸ் கிளம்பிவிடுவதால் சின்னவளுக்குச் சடை பின்னுவது அவர்தான். மட்டைக்கு கிரிப் சுற்றுகிற மாதிரி இறுக்குவார், அவள் கத்துவாள். ஞாயிற்றுக்கிழமை மாமியாரைத் தூக்கி உட்கார வைப்பதும் அவர்தான். இந்த முட்டோடு.

அவர் கையில் காசு கொடுத்தால் வாங்க மாட்டார். ஆனால் இத்தனை வருடம் பொட்டலில் ஒரு பைசா வாங்காமல் கோச் வேலை பார்த்திருக்கிறார் இல்லையா? சங்கம் அதற்குச் சம்பளம் போடட்டும். வேன் ஓட்டாத மாதங்களுக்கு வேன் சம்பளத்துக்குக் குறையாமல், அதன் பிறகும் மாதாமாதம் ஏதாவது. வவுச்சர் எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள். செய்த வேலைக்குக் கூலி என்றால் அவரும் மறுக்க முடியாது, கணக்கிலும் இடம் உண்டு. கோல்கீப்பர் செட்டை நியூஜெர்சி மாமா, விளையாட்டுச் சாமான் செய்கிற ஜலந்தரிலிருந்து நேரே வாங்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்.

பொருளாளர், சிங்கப்பூர்:

பயிற்சியாளர் ஊதியம் என்றால் தலைப்பு இருக்கிறது, எழுதலாம். செயலாளரும் கையெழுத்துப் போட வேண்டும், அவரிடம் நானே பேசுகிறேன். வேன் சம்பளம் மாதம் எவ்வளவு என்று அந்தப் பிள்ளை எனக்குத் தனி மடலில் சொல்லட்டும், குழுவில் போட வேண்டாம். ஹைகிரவுண்ட் போகிற அன்று கூடப் போக ஆள் வேண்டும். என் தம்பி லீவு போடுவான், சொல்லிவிட்டேன்.

கோல்கீப்பர் செட்டைத் தோஹா தம்பி பெயரில் வாங்குங்கள். வெளிநாட்டுக் குடிமகன் பள்ளிக்கூடத்துக்குப் பொருளாகக் கொடுத்தாலும் அது பங்களிப்புதான். நியூஜெர்சிக்காரர் வாழ்த்து அனுப்பலாம், அதற்குப் பதிவு தேவையில்லை.